மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுதும் திறன்: பயில்பவர் தேர்ச்சி பெறுவது எப்படி?

"தந்தி வந்திருக்கிறது" என்று வாசலில் குரல் கேட்டால் ஒரு காலத்தில் வீடே பதறிப் போகும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 14ஆம் தேதியோடு முடிந்துபோனது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் ஒரு நாளிதழின் பெயராக மட்டுமே தெரியும்.

அந்தத் தந்திக்குப் பின்னால் நெடுங்காலம் ஒரு மனிதத் திறமை இருந்தது. கம்பி வழியே வரும் 'டிட்', 'டா' ஒலிகளைக் காதால் கேட்டு, அதே வேகத்தில் கையால் எழுத்தாக்கும் திறமை அது. தொழில் வட்டாரத்தில் இதை 'காப்பி செய்வது' என்பார்கள். இந்தத் திறமை எப்படி வளர்கிறது என்பதை அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். கல்வி உளவியலின் தொடக்ககால ஆய்வுகளில் பெயர் பெற்ற ஒன்று இதைப் பற்றியதுதான். எந்தக் கலையையும் கற்கும் பிள்ளைகளுக்கும் அவர்களை வழிநடத்தும் பெற்றோருக்கும் அதில் பாடம் இருக்கிறது என்பதால், இக்கட்டுரையில் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மோர்ஸ் குறியின் அளவுகள்

மோர்ஸ் குறியில் இரண்டே ஒலிகள்தான்: குறுகிய புள்ளி, நீண்ட கோடு. ஒரு கோடு மூன்று புள்ளிகளின் நேரம் ஒலிக்கும். ஓர் எழுத்துக்குள் வரும் இரண்டு ஒலிகளுக்கு நடுவே ஒரு புள்ளியளவு இடைவெளி. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மூன்று புள்ளியளவு. இரண்டு சொற்களுக்கு நடுவே ஏழு புள்ளியளவு.

ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. 'டி' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு கோடு. 'ஏ' என்றால் புள்ளி, கோடு. அதையே திருப்பிப் போட்டால் 'என்'. 'எஸ்' மூன்று புள்ளி, 'ஹெச்' நான்கு புள்ளி, 5 என்ற எண்ணுக்கு ஐந்து புள்ளி.

வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதன் பின்வரும் இடைவெளியையும் சேர்த்தால் அந்தச் சொல் சரியாக 50 புள்ளியளவு நீளம். நிமிடத்துக்கு 20 சொல் வேகம் என்றால் அதே சொல்லை ஒரு நிமிடத்தில் 20 முறை அனுப்புவது. அதாவது 1000 புள்ளியளவு. ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் 100இல் 6 பங்கு நேரம்தான். நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ கால் விநாடி கிடைக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பயில்பவர் படும் பாட்டுக்கெல்லாம் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் செய்யும் வேலை

புதிதாகப் படிப்பவர் பொதுவாக ஓர் அட்டவணையை எடுத்து மனப்பாடம் செய்வார். 'பி' என்றால் ஒரு கோடு, மூன்று புள்ளி. 'வி' என்றால் மூன்று புள்ளி, ஒரு கோடு. இரண்டு நாளில் முழு அட்டவணையும் மனதில் ஏறிவிடும். "இவ்வளவுதானா?" என்றும் தோன்றும்.

பிறகு ஒலியைக் கேட்கும்போதுதான் சிக்கல். காதில் விழும் ஒலியை முதலில் புள்ளியாகவும் கோடாகவும் எண்ண வேண்டும். எண்ணியதை அட்டவணையில் தேட வேண்டும். கிடைத்த எழுத்தைத் தாளில் எழுத வேண்டும். ஓர் எழுத்துக்கு மூன்று வேலை. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் இதைச் செய்துவிடலாம். வேகம் 10ஐ நெருங்கும்போது எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். ஒன்றைப் பிடிக்கப் போனால் மூன்று தவறிப்போகும். மோர்ஸ் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் பலர் இந்த இடத்தில் விட்டவர்கள்தான்.

இங்கே குறை அறிவிலும் இல்லை, உழைப்பிலும் இல்லை, கற்ற வழியில் இருக்கிறது. கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்த ஒன்றைக் காதால் பயன்படுத்தப் பார்க்கிறார். தேர்ந்தவருக்குப் புள்ளியும் கோடும் தனித்தனியே கேட்பதில்லை. 'டிட்-டா' என்பது அவருக்கு ஒரே ஓசை. அந்த ஓசைதான் 'ஏ'. நாம் 'அம்மா' என்ற சொல்லைக் கேட்கும்போது எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கூட்டிப் பார்ப்பதில்லையே, அதைப்போல.

பிரையன், ஹார்ட்டர் ஆய்வு

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் லோ பிரையன். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனவர். அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த நோபில் ஹார்ட்டர் முன்னாள் தந்தியாளர். தொழிலின் உள்விவரம் தெரிந்தவர். இருவரும் 1897இலும் 1899இலும் தந்தி மொழியைக் கற்பது பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள்.

தந்தி பழகும் மாணவர்களை வாராவாரம் சோதித்து, எவ்வளவு வேகத்தில் அனுப்புகிறார்கள், எவ்வளவு வேகத்தில் வாங்குகிறார்கள் என்று வரைபடமாக்கினார்கள். அதில் தெரிந்தவை இவை.

முதலாவது, அனுப்புவது சீக்கிரம் வந்துவிடுகிறது. வாங்குவது மெதுவாகவே வளர்கிறது. அனுப்புபவருக்கு அடுத்து என்ன எழுத்து என்பது முன்பே தெரியும். வாங்குபவருக்கு எதுவும் தெரியாது. வேகமும் அவர் கையில் இல்லை. அதனால் மாணவர்கள் அனுப்பிப் பழகுவதை விரும்பினார்கள். வாங்கிப் பழகுவதைச் சலிப்பாகவும் களைப்பாகவும் உணர்ந்தார்கள். ஆனால் நன்கு தேர்ந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. கைக்கு ஒரு வேக எல்லை உண்டு. காது அதைத் தாண்டிச் செல்கிறது.

இரண்டாவது, வாங்கும் வேகத்தின் வளர்ச்சி ஒரே சீராக இல்லை. தொடக்கத்தில் ஏறுகிறது. பிறகு பல வாரங்கள் அப்படியே நிற்கிறது. பயிற்சி நடக்கிறது, முன்னேற்றம் மட்டும் தெரிவதில்லை. பின்பு மறுபடியும் ஏறுகிறது. நடுவே வந்த அந்தச் சமதளத்தை நாம் தேக்கநிலை என்று சொல்லலாம்.

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. அந்தத் தேக்கநிலை, முக்கியத் தடங்களில் வேலை செய்யத் தேவையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் நல்ல வேலை. ஏறாவிட்டால் சிறு நிலையத்திலேயே காலம் கழியும். அங்கேயே நின்றுவிட்டவர்கள் உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

எழுத்திலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு

அந்தத் தேக்கத்தில் உள்ளே என்ன நடக்கிறது? 1899 கட்டுரை இதற்கு விடை தேடியது. மாணவரை மூன்று விதமாகச் சோதித்தார்கள்: தொடர்பில்லாத எழுத்துகள், தொடர்பில்லாத சொற்கள், பொருளுள்ள வாக்கியங்கள்.

தனி எழுத்துகளை வாங்கும் வேகம் ஓர் அளவுக்கு மேல் அதிகம் ஏறவில்லை. தனிச் சொற்களும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் பொருளுள்ள வாக்கியங்களை வாங்கும் வேகம், தேக்கத்துக்குப் பிறகு மற்ற இரண்டையும் விட்டுவிட்டு மேலே போனது. தேர்ந்தவர் ஒவ்வோர் எழுத்தையும் வேகமாகக் கேட்கப் பழகியதால் மட்டும் வேகம் வரவில்லை. பெரிய அலகுகளாகக் கேட்கப் பழகியதாலும் வந்தது.

பிரையனும் ஹார்ட்டரும் இதைப் பழக்கங்களின் படிநிலை என்றார்கள். முதலில் எழுத்துப் பழக்கம். அது தானாக நடக்கத் தொடங்கினால் கவனம் விடுபடும். விடுபட்ட கவனம் சொல்லுக்குப் போகும். சொல் தானாக வந்தால் கவனம் சொற்றொடருக்குப் போகும். கீழ்ப்படி உறுதியாகாமல் மேல்படியில் கால் வைக்க முடியாது. தேக்கநிலை என்பது கீழ்ப்படி உறுதியாகிக்கொண்டிருக்கும் காலம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வேலை நடக்கிறது. இது அவர்களின் விளக்கம்.

தமிழ் வாசிக்கப் பழகும் நம் வீட்டுப் பிள்ளையைக் கவனித்தால் இதே படிகளைக் காணலாம். முதலில் 'ப', 'ட', 'ம்' என்று எழுத்துக் கூட்டும். சில மாதம் கழித்து 'படம்' என்று ஒரே பார்வையில் வாசிக்கும். பிறகு வரியின் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடும். எழுத்துக் கூட்டும் பருவத்தில் "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிவிட்டது.

1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், மனித நினைவின் கொள்ளளவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே தந்தியாளரைத்தான் எடுத்துக்காட்டினார். ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கக்கூடிய அலகுகள் சிலவே. ஆரம்பக்காரருக்கு ஒவ்வொரு 'டிட்'டும் ஓர் அலகு. பழகியவருக்கு ஓர் எழுத்து ஓர் அலகு. தேர்ந்தவருக்கு ஒரு சொல்லோ தொடரோ ஓர் அலகு. பை அதே அளவுதான். உள்ளே வைக்கும் பொட்டலம்தான் பெரிதாகிறது.

பின்தங்கி எழுதும் கலை

ஆரம்பக்காரர் ஒலி வந்த உடனே எழுத்தைத் தாளில் போட்டுவிடத் துடிப்பார். தேர்ந்த தந்தியாளரோ கருவி ஒலிப்பதற்குப் பல சொற்கள் பின்னால் எழுதிக்கொண்டு போவார். கை பழைய சொல்லை எழுதும். காது புதிய சொல்லை வாங்கும். இதைப் பின்தங்கி எழுதுவது என்பார்கள்.

இதன் பயன் என்ன? நடுவே ஓர் எழுத்து இரைச்சலில் தேய்ந்துபோனால், பின்னால் வரும் சொல்லைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்ளலாம். உடனுக்குடன் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் எழுதியது எழுதியதுதான். ஆனால் எண்களும் சங்கேதச் சொற்களும் வந்தால் தேர்ந்தவரும் அவ்வளவு தூரம் பின்தங்க முடியாது. அங்கே பொருள் கை கொடுப்பதில்லை.

இந்த நிலைக்கு வர எவ்வளவு காலம்? பத்திரிகைச் செய்திகளை அனாயாசமாக வாங்கும் முழுத் தேர்ச்சிக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும் என்று பிரையனும் ஹார்ட்டரும் கணித்தார்கள். மனிதக் காது எட்டிய உயரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1939இல் அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் நடந்த போட்டியில் டெட் மெக்எல்ராய் என்பவர் நிமிடத்துக்கு 75.2 சொல் வேகத்தில் வாங்கினார். விநாடிக்கு 6 எழுத்துக்கு மேல்!

ஒரு காது விழித்திருந்ததால்

இது வெறும் போட்டித் திறமை அல்ல. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கிய இரவில், கார்பேதியா என்ற கப்பலின் வானொலித் தந்தியாளர் ஹரால்ட் காட்டம் படுக்கப் போகும் நேரத்திலும் காதில் கருவியை வைத்திருந்தார். அதனால் ஆபத்து அழைப்பு அவர் காதில் விழுந்தது. கார்பேதியா விரைந்து சென்று 700க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. அதன்பின் கப்பல்களில் வானொலிக் கண்காணிப்புக்குக் கடுமையான விதிகள் வந்தன. 1999 பிப்ரவரி 1ஆம் தேதி உலகக் கடல்சார் ஆபத்து, பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, கடலில் செல்வோரின் உயிர் இந்தக் காதுகளை நம்பி இருந்தது.

தேக்கம் தவிர்க்க முடியாததா?

பிரையன், ஹார்ட்டர் சொன்ன தேக்கநிலையைப் பிற்கால ஆய்வாளர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கான படைவீரர்களுக்கு அவசரமாக மோர்ஸ் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் அதற்கு ஒரு முறையை வகுத்தார். ஓர் எழுத்தின் ஒலி வரும். மாணவர் சில விநாடிக்குள் எழுத வேண்டும். உடனே ஆசிரியர் அந்த எழுத்தின் பெயரைச் சொல்வார். சரியா, தவறா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். முழுத் தாளையும் எழுதி, மறுநாள் திருத்தி வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

கெல்லர் 1958இல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் இந்தத் தேக்கம் வருவதில்லை, அது கற்றலின் இயற்கை விதி அல்ல என்று வாதிட்டார். கற்பிக்கும் முறை நன்றாக இருந்தால் தேக்கம் இல்லாமலேயே முன்னேற முடியும் என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இரண்டு கருத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. படிநிலையாகத்தான் திறமை வளர்கிறது. நடுவில் தேங்கி நின்றால் அதற்குத் 'திறமை இல்லை' என்று பொருள் அல்ல. ஒன்று, கீழ்ப்படி இன்னும் உறுதியாக வேண்டும். அல்லது, பயிற்சி முறையை மாற்ற வேண்டும்.

கோக் முறையும் ஃபார்ன்ஸ்வொர்த் இடைவெளியும்

1930களில் ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக், எண்ணும் பழக்கமே வராமல் தடுக்க வழி சொன்னார். முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் கேட்க வேண்டும். ஆனால் இரண்டே எழுத்துகள் மட்டும். அந்த இரண்டையும் 100க்கு 90 சரியாக எழுதும்வரை பழக வேண்டும். பிறகு மூன்றாவது எழுத்து. மறுபடி 90 வந்தால் நான்காவது. வேகம் மாறுவதே இல்லை. எழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. இன்றைய பயிற்சிச் செயலிகள் பலவற்றில் 'கே', 'எம்' என்ற இரண்டு எழுத்துகளோடு பாடம் தொடங்குவது இதன் வழியே வந்த வழக்கம்.

ஃபார்ன்ஸ்வொர்த் என்பவரின் பெயரால் வழங்கும் இன்னொரு முறையில், ஒவ்வோர் எழுத்தும் நிமிடத்துக்கு 18 அல்லது 20 சொல் வேகத்தில் ஒலிக்கும். எழுத்துகளுக்கு இடையில் மட்டும் நீண்ட இடைவெளி விடுவார்கள். எண்ணுவதற்கு நேரம் கிடைக்காது. யோசித்து எழுத நேரம் கிடைக்கும். பழகப் பழக அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

பழக விரும்புவோர் கவனிக்க

2003இல் ஜெனிவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டுக்குப் பிறகு, ஹாம் ரேடியோ உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்றாயிற்று. பல நாடுகள் அந்தத் தேர்வைக் கைவிட்டன. ஆனாலும் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் விரும்பிப் பழகுகிறார்கள். குறைந்த மின்சாரத்தில், இரைச்சலுக்கு நடுவிலும் மோர்ஸ் ஒலி நெடுந்தூரம் சென்று சேரும். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றலாம்.

1. அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒலியாகவே பழகட்டும். 'கோடு, புள்ளி, கோடு' என்று சொல்ல வேண்டாம். 'டா-டி-டா' என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

2. இரண்டு எழுத்தில் தொடங்குங்கள். 100க்கு 90 சரியாக வந்தபின் அடுத்த எழுத்து. அவசரம் வேண்டாம்.

3. ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட, தினமும் 15 அல்லது 20 நிமிடம் நல்லது. களைத்த காது தவறாகப் பழகும்.

4. எழுதிய உடனே சரிபாருங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

5. ஓர் எழுத்து தவறிப்போனால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகட்டும். போனதை நினைத்துக்கொண்டிருந்தால் வருவதும் போய்விடும்.

6. 'எஸ்', 'ஹெச்', 5 போன்று காதுக்கு ஒன்றாகத் தோன்றுபவற்றைச் சேர்த்துத் தனியாகப் பயிற்சி செய்யட்டும்.

7. எழுத்துகள் உறுதியானபின் அடிக்கடி வரும் சிறு சொற்களை முழுச் சொல்லாகக் கேட்கட்டும். அதன் பிறகு வாக்கியங்கள்.

8. அனுப்பிப் பழகுவதில் மகிழ்ச்சி அதிகம். வாங்கிப் பழகுவதில்தான் தேர்ச்சி. நேரத்தில் பெரும்பங்கை வாங்குவதற்கு ஒதுக்குங்கள்.

பெற்றோரின் கவனத்துக்கு

நம் பிள்ளை மோர்ஸ் படிக்கப் போவதில்லை என்றாலும், இந்த ஆய்வுகள் சொல்வது நம் வீட்டுக்கும் பொருந்தும். கணக்கோ, ஆங்கிலமோ, தட்டச்சோ, தையலோ, நான்கு மாதம் நன்றாகப் போன பிள்ளை ஐந்தாவது மாதம் அப்படியே நின்றுவிடுகிறது. "இவனுக்கு இது வராது" என்று முடிவு கட்டுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறோம். வகுப்பிலிருந்து நிறுத்திவிடுகிறோம். இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் ஏறியிருக்கக்கூடிய படியின் கீழேயே பிள்ளை இறங்கிவிடுகிறது.

நிறுத்துவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். அடிப்படை யோசிக்காமலேயே தானாக வருகிறதா, இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறதா? தவறு செய்த உடனே பிள்ளைக்கு அது தெரிகிறதா, தேர்வுத் தாள் வந்த பிறகுதான் தெரிகிறதா? எளிதானதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிறதா, கடினமான பகுதிக்கு நேரம் கொடுக்கிறதா? இந்த மூன்றில் எங்கே குறை என்று தெரிந்தால், அதைச் சரிசெய்த பிறகு முடிவு எடுப்பதே நியாயம்.

கம்பித் தந்தி போய்விட்டது. அதைக் காதால் வாங்கிய மனிதர்களில் பெரும்பாலோரும் இன்று இல்லை. ஆனால் அவர்கள் திறமை பெற்ற வழி அப்படியே இருக்கிறது: கொஞ்சமாக எடுத்து, அதைத் தானாக வரும்வரை பழகி, பிறகு அடுத்ததற்குப் போவது. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத வாரங்களில் பிள்ளையின் பக்கத்தில் பொறுமையாக இருப்பது நம் பங்கு.